மூளையின் இரத்த ஓட்டமும் மருத்துவ ஆராய்ச்சியும்

மனித உடலின் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 சதவீதமே. ஆயினும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சுமார் 15 சதவீதம் அதற்கே செல்கிறது. நூறு கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடந்தோறும் சராசரியாக 50 மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது. இது 20க்குக் கீழே இறங்கினால் நரம்பணுக்களின் மின்செயல் தடுமாறுகிறது. 10க்கும் குறைந்தால் அவை விரைவில் மடிகின்றன. விபத்தில் தலையில் அடிபட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவிழந்து கிடப்பவர் இவ்வீழ்ச்சியை வாய்விட்டுச் சொல்ல இயலாது. நாடியும் இரத்த அழுத்தமும் சீராக இருக்கும்போதே மூளையின் ஒரு பகுதி பட்டினி கிடக்கக் கூடும்.

இதனை அளக்கும் முறையை 1940களில் அமெரிக்காவில் கெட்டி, ஷ்மிட் ஆகிய இருவரும் வகுத்தனர். நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்கச் செய்து, தமனியிலும் கழுத்துச் சிரையிலும் அதன் அளவை ஒப்பிட்டனர். கிடைத்தது மூளை முழுமைக்குமான சராசரியே. எந்தப் பகுதியில் குறை என்பதை அது காட்டவில்லை. 1971இல் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. பின்னர், செனான் வாயுவைச் சுவாசிக்கச் செய்து, பகுதி பகுதியாக இரத்த ஓட்டத்தைப் படமெடுக்கவும் வழி பிறந்தது.

இவ்வளவீடுகளின் பயன் ஒரு சிகிச்சையின் வரலாற்றில் விளங்கும். அடிபட்ட மூளை வீங்கும்போது மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறுகிறது. சுவாசக் கருவியை விரைவாக இயக்கினால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் தணிகிறது. தணிவதை மருத்துவர் அளவுமானியில் நேரில் காணலாம். ஆகவே இம்முறை பல்லாண்டுகள் பரவலாக வழங்கிவந்ததில் வியப்பில்லை. ஆனால் குழாய் சுருங்கினால் ஓட்டமும் குறையுமன்றோ? காயம்பட்ட முதற்சில மணி நேரங்களில் பலருக்கு ஓட்டம் முன்னரே தாழ்ந்திருப்பதைப் படங்கள் புலப்படுத்தின. 113 நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்று 1991இல் வெளியாயிற்று. ஓரளவு நல்ல அசைவு எஞ்சியிருந்தவர்களுள், இச்சிகிச்சையை முன்கூட்டியே பெற்றோர் மூன்றாம், ஆறாம் மாதங்களில் மற்றவரைவிடப் பின்தங்கியிருந்தனர். ஓராண்டு முடிவில் அவ்வேறுபாடு தெளிவாக இல்லை. எனினும், முதல் 24 மணி நேரத்தில் இதனைத் தடுப்பு முறையாகக் கையாளலாகாது என 1995இல் அமெரிக்க நெறிமுறைகள் விதித்தன.

ஸ்டீராய்டு மருந்தின் கதையோ இன்னும் கடுமையானது. 49 நாடுகளில் 10,008 தலைக்காய நோயாளிகளிடம் நடந்த கிராஷ் ஆய்வின் முடிவு 2004இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் 21.1 சதவீதமும், பெறாதவர்களில் 17.9 சதவீதமும் இரு வாரங்களுக்குள் இறந்தனர்.

கருவி வாங்கும் பொறுப்புடைய அதிகாரிகள் 2012இல் வெளியான மற்றோர் ஆய்வையும் கருத்தில் கொள்ளுதல் நலம். பொலிவியா, ஈக்வடார் நாடுகளில் 324 நோயாளிகளிடம் அது நடைபெற்றது. மண்டையோட்டினுள் அழுத்தமானி பொருத்திச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், சி.டி. படங்களையும் நேர்ப் பரிசோதனையையும் கொண்டு சிகிச்சை பெற்றவர்களுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இத்தகைய ஆய்வுகளில் நினைவற்றவரின் சம்மதம் எவ்வாறு பெறப்படும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, சட்டப்படி ஏற்கத்தக்க பிரதிநிதி அதனை அளிக்கலாம். நினைவு திரும்பியதும் நோயாளியிடமே மீண்டும் சம்மதம் கேட்க வேண்டும்.