மழைச் செய்தியும் நம் வீட்டு வானொலியும்

சிரம்பான் லோபாக் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஆசிரியர்களின் சார்பில் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

நவம்பர் பிறந்தால் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். "அந்த மழையெல்லாம் கிளந்தான், திரங்கானுக்குத்தான். நம் பக்கம் என்ன பெரிதாக வந்துவிடப் போகிறது?" என்று நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த எண்ணத்தை 2021 டிசம்பர் மாதம் 17, 18 ஆம் நாள்கள் கரைத்துவிட்டன. ஒரு மாதம் முழுவதும் பெய்ய வேண்டிய மழை சில இடங்களில் ஒரே நாளில் கொட்டியது. சிலாங்கூர், கோலாலம்பூர், பகாங் மட்டுமல்ல, நம் நெகிரி செம்பிலானும் வெள்ளத்தில் சிக்கியது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறி நின்று படகுக்குக் காத்திருந்தார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தனர்.

பெருமழை வரப்போவது முன்கூட்டியே எப்படித் தெரிகிறது? நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சில துணைக்கோள்கள் நிற்கின்றன. பூமி சுழலும் வேகத்துக்கு ஒத்து அவையும் சுற்றுவதால், நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். ஜப்பான் நாட்டின் ஹிமாவாரி அவற்றுள் ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அது நம் வட்டாரத்து மேகங்களைப் படம் எடுக்கிறது. இரவிலும் எடுக்கிறது. எப்படி என்றால், அது வெளிச்சத்தை மட்டும் பார்ப்பதில்லை, வெப்பத்தையும் பார்க்கிறது. மேகத்தின் தலை எவ்வளவு உயரமோ அவ்வளவு குளிர்ந்திருக்கும். மிகக் குளிர்ந்த மேகத்திரள் படத்தில் தெரிந்தால், அங்கே இடியும் பெருமழையும் இருக்கக்கூடும் என்று அறிகிறார்கள். அதோடு, மழைத்துளிகளைக் கண்டறியும் ராடார் கருவியும் தரையில் இருக்கிறது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் மலேசிய வானிலை ஆய்வுத் துறை எச்சரிக்கை விடுக்கிறது.

தொடர்மழைக்கு மூன்று படிகள் உண்டு. மலாயில் 'வாஸ்பாடா' என்றால் விழிப்பாய் இரு. 'புரூக்' என்றால் நிலைமை மோசம். 'பஹாயா' என்றால் பேராபத்து. இந்த மூன்று சொற்களையும் வீட்டிலுள்ள பாட்டி தாத்தாவுக்கும் சொல்லி வையுங்கள். இடிமழை எச்சரிக்கை என்பது வேறு. அது சில மணி நேரத்துக்கு மட்டுமே உரியது. ஆகவே கேட்ட உடனே கவனிக்க வேண்டியது.

இனி எங்கள் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. பள்ளியில் ஆண்டிறுதி வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வானொலியில் மழை எச்சரிக்கை வந்தது. கேட்டோம். சன்னல்களைச் சாத்தினோம். தரையில் இருந்த புத்தகக் கட்டுகளை மேசைமேல் ஏற்றினோம். வீட்டுக்குப் போய்விட்டோம். கீழே, ஓடைக் கரையில், லயத்து மக்கள் விடியற்காலை பால் வெட்டப் போக வேண்டுமே என்று நேரத்தோடு படுத்துவிட்டார்கள். நள்ளிரவு தாண்டி ஓடை வீட்டுக்குள் வந்தது. நல்ல வேளை, உயிருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் காலையில் ஒரு தாய் கொடிக்கயிற்றில் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களைக் காயவைத்துக்கொண்டிருந்தார். எழுத்து முழுதும் கரைந்திருந்தது. அந்தத் தாளை மீண்டும் வாங்க அவர் எத்தனை முறை அலைந்தார் என்பதை அருகிலிருந்து பார்த்தோம். எங்கள் பள்ளிப் புத்தகம் ஒன்றுகூட நனையவில்லை. அதுதான் இன்றும் மனத்தை உறுத்துகிறது. விண்ணிலிருந்து அவ்வளவு தூரம் வந்த செய்தி, பள்ளிக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள அரைக் கல் தூரத்தில் நின்றுபோயிற்று.

இந்தக் கடைசி அரைக் கல்லைக் கடப்பது எப்படி? நாம் மட்டுமல்ல, பல நாடுகளும் இதற்கு வழி தேடியிருக்கின்றன. 1977 நவம்பர் 19 அன்று ஆந்திராவில் கிருஷ்ணா ஆற்று முகத்துவாரத்தில் அடித்த புயலில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். பின்னர், 1983இல் ஏவப்பட்ட இன்சாட் 1பி துணைக்கோளைக் கொண்டு இந்தியா ஒரு புதிய ஏற்பாட்டைச் செய்தது. கடலோர ஊர்களில் சிறிய தட்டு வடிவ அலைவாங்கியோடு பெட்டிகளை வைத்தார்கள். புயல் வரும் ஊர்களின் பெட்டிகளை மட்டும் சென்னையிலுள்ள எச்சரிக்கை மையம் துணைக்கோள் வழியாக எழுப்பும். முதலில் சங்கு ஊதும். பிறகு அந்த ஊர் மக்களின் சொந்த மொழியிலேயே செய்தி பேசும். 1990 மே மாதம் அதே ஆந்திரக் கரையை அதற்கு ஈடான பெரும்புயல் தாக்கியது. முன்னதாகவே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அப்புறப்படுத்தினார்கள். அப்போதும் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள், அது பெருந்துயரம்தான். ஆயினும் 1977ஐ எண்ணிப் பாருங்கள்.

கருவி இல்லாத இடத்திலும் ஒரு குரல் உயிர் காத்ததுண்டு. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். புதுச்சேரி அருகே நல்லவாடு என்னும் மீனவர் ஊர். அவ்வூரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரில் மீனவர்களுக்குக் கடல் நிலவரம் சொல்லும் ஒலிபெருக்கி இருந்தது. உடனே அதில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். கேட்டவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை, ஊருக்கும் சொன்னார்கள். நாங்கள் அன்று செய்யத் தவறியது அதுதான்.

ஆகவே, நேயர்களே, மழைக்காலத்தில் சில காரியங்களை வழக்கமாக்கிக்கொள்வோம். வீட்டில் மின்கலத்தில் ஓடும் சிறு வானொலி ஒன்று இருக்கட்டும். கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். மின்சாரம் போய், தொலைபேசிக் கோபுரமும் நின்றால் கைப்பேசி ஊமையாகிவிடும். அப்போதும் வானொலி பேசும். மாலைச் செய்தியின் வானிலையைக் கேட்காமல் படுக்க வேண்டாம். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து, குழந்தைக்கு மாற்றுத்துணி, இவற்றை ஒரு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி உயரத்தில் வையுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது எண்ணுவதற்குள் சத்தம் கேட்டால், பால் வாளியை வைத்துவிட்டு மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். ஒரு நாள் கூலியை மறுநாள் சம்பாதிக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அண்டை வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எங்கள் பள்ளியில் இப்போது ஒவ்வொரு வரிசை வீட்டுக்கும் இரண்டு பிள்ளைகளை நியமித்திருக்கிறோம். எச்சரிக்கை வந்தால் இருட்டுவதற்கு முன் அவர்கள் வீடு வீடாகச் சொல்ல வேண்டும். காது கேளாத பாட்டி எந்த வீட்டில் இருக்கிறார், நடக்க முடியாதவர் யார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இரவில் ஓடை ஏறினால் கோயில் மணியை நிறுத்தாமல் அடிப்பது என்று ஊராரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சில முறை எச்சரிக்கை வந்தும் மழை வராமல் போனதுண்டு. "வாத்தியார் பிள்ளைகள் வீணாகத் தூக்கத்தைக் கெடுத்தார்கள்" என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். மழை வராத இரவில் சிரிப்பதற்கு எல்லாரும் இருந்தார்களே, அது போதும்.

மேகம் எங்கே திரண்டிருக்கிறது என்பது துணைக்கோளுக்குத் தெரியும். நம் லயத்தில் யார் தூங்கிக்கொண்டிருக்கிறார் என்பது நமக்குத்தான் தெரியும். இன்று மாலை வானொலியில் கேட்பதை, பக்கத்து வீட்டிலும் சொல்லிவிட்டுப் படுங்கள்.