வெளியே ஓடுமுன்

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த நம்மில் பெரும்பாலோருக்கு நிலநடுக்கம் என்பது பத்திரிகையில் படித்த செய்தியே அன்றிப் பழகிய துன்பம் அன்று. புயலையும் வெள்ளத்தையும் நாம் அறிவோம். பிழைப்பை நாடிக் குஜராத்திலோ டில்லியிலோ அஸ்ஸாமிலோ குடியேறிய பின்னரே பூமியும் அசையும் என்பது நமக்கு உறைக்கிறது. உறைத்ததும் நாம் மனத்தில் இருத்திக்கொள்வது ஒன்றே: வெளியே ஓடிவிட வேண்டும்!

2001ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள், காலை 8 மணி 46 நிமிடத்திற்குக் கட்ச் பகுதி குலுங்கிற்று. அன்று குடியரசு தினம். அஞ்சார் நகரில் பள்ளிப் பிள்ளைகள் குறுகிய தெருவொன்றில் அணிவகுத்துச் சென்றுகொண்டிருந்தனர். அவர்கள் தலைக்கு மேல் கூரை ஏதும் இல்லை. ஆயினும் இருபுறத்து வீடுகளும் அவர்கள்மேல் சரிந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் மாண்டனர். நம் வீட்டு வாசலுக்கு அப்பால் இருப்பது மைதானமா, சந்தா? அதை இன்றே பார்த்துவைப்பது நல்லது. சந்தாயின், உறுதியான மேசையின்கீழ் புகுந்து அதன் காலைப் பற்றிக்கொண்டிருப்பதே மேல். மாடிப்படியும் மின்தூக்கியும் அப்பொழுது உதவா.

அதே காலையில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் பல அடுக்குமாடிகள் இடிந்தன. வண்டி நிறுத்துவதற்கென்று கீழ்த்தளத்தைச் சுவரின்றி வெறுந்தூண்களின்மேல் விட்டிருந்த கட்டடங்கள் அவற்றுள் பல. வீடு வாங்கும்பொழுது சமையலறையின் திசையைப் பார்க்கும் நாம் அந்தத் தூண்களைப் பார்ப்பதில்லை.

வீட்டினுள்ளும் பகை உண்டு. ஊரிலிருந்து கொணர்ந்த பித்தளை அண்டாவைக் கட்டிலுக்கு மேலுள்ள பரணில் ஏற்றிவைக்கிறோம். பீரோவைச் சுவரோடு பிணைப்பதில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிடுவது நம் நல்வழக்கம். ஆனால் நள்ளிரவில், சன்னல் கண்ணாடி சிதறிய தரையில், வெறுங்காலோடு எப்படி நடப்பது? ஒரு சோடி கட்டிலடியில் கிடக்கட்டும். ஆசாரம் குறைந்துவிடாது.

நடுக்கம் நின்றதும் நமக்குத் துணிவு வந்துவிடுகிறது. விளக்கு அணைந்திருந்தால் கை தானாகவே தீப்பெட்டியைத் தேடும். சிலர் சுவாமி படத்தின்முன் கற்பூரம் ஏற்றவும் முற்படுவர். சமையல் வாயுவின் குழாய் கழன்றிருந்தால் அந்தச் சுடரே வீட்டை எரித்துவிடும். நெடி அடித்தால் மின்விசையைத் தொடலாகாது. சிலிண்டரை மூடிச் சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும்.

இன்னொன்று, நகையும் பத்திரமும் எடுக்க உள்ளே திரும்புவது. கட்சில் பின்னதிர்ச்சிகள் பல நாட்கள் தொடர்ந்தன. முதல் குலுக்கலில் விரிசல் கண்ட சுவருக்கு அடுத்த சிறு குலுக்கலே போதும். பத்திரங்களை ஒரு பையிலிட்டு வாசலருகே மாட்டிவைத்தால், உள்ளே திரும்ப வேண்டிய காரணமே இராது.