வீட்டைக் கழற்றி எடுத்து வந்தவர்கள்
(கிளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



போன மாதம் சுற்றுலாவுக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு மாமி கேட்டார்: "ரிசார்ட்டுன்னா என்ன? வாடகை ஜாஸ்தி வாங்கற ஹோட்டல்தானே?" நான் அப்போதுதான் குமரகம் போய்விட்டு வந்திருந்தேன். அதனால் என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள்.

ஒரே குழுமம் நடத்தும் இரண்டு இடங்களை வைத்தே சொல்கிறேன். கொச்சி வில்லிங்டன் தீவில் காஸினோ ஹோட்டல் 1957-ல் தொடங்கப்பட்டது. அங்கே நமக்கு வேலை வெளியில். ராத்திரி தலை சாய்க்க ஒரு அறை. அதே குழுமம் 1990-களில் குமரகத்தில், வேம்பநாட்டுக் காயல் கரையில், கோகனட் லகூன் என்ற ரிசார்ட்டை அமைத்தது. அங்கே நமக்கு வெளியில் ஒரு வேலையும் கிடையாது. படகில் அழைத்துப் போகிறார்கள். இறங்கினால் பழைய தறவாட்டு வீடுகள். செட்டிங் அல்ல, நிஜ வீடுகள்! கேரளத்தின் பழைய மர வீடுகள் ஆணியை நம்பிக் கட்டியவை அல்ல. மரத்துக்குள் மரத்தைச் செருகிக் கோத்தவை. ஆகவே பல ஊர்களில் கேட்பாரற்றுக் கிடந்த வீடுகளைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கொண்டுவந்து, ஆசாரிகளை வைத்து மறுபடி கோத்திருக்கிறார்கள். அழிவின் விளிம்புக்குப் போய் மீண்ட வெச்சூர்ப் பசுக்கள் புல் மேய்கின்றன. அந்தக் குட்டைப் பசுவின் சொந்த ஊரான வெச்சூர் பக்கத்திலேயே இருக்கிறது.

இதே குழுமத்தின் தேக்கடி ஸ்பைஸ் வில்லேஜில் புல் கூரைக் குடில்கள், அறையில் ஏ.சி. வைக்கவில்லை. ஹோட்டலில் ஏ.சி. இல்லாவிட்டால் சண்டை போடுவோம். இங்கே அது இல்லாததற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். வாசலில் ஒரு மாட்டு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே பளிங்குத் தரை போட்டு, 'கிராமிய ரிசார்ட்' என்று பலகை மாட்டுகிறவர்களும் உண்டு. அவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

குமரகத்தில் நிலைப்படி உயரம், வாசல் தாழ்வு. என் அகத்துக்காரி யாரும் சொல்லாமலே குனிந்து, படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனாள். நான் இடித்துக்கொண்டேன். ராத்திரி படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கம் வரவில்லை.

1978-ல் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் தாத்தாவின் அகத்தை விற்றோம். அண்ணா பம்பாயில், நான் தில்லியில். "யார் போய் இருக்கப் போறா?" என்றார் அண்ணா. நானும் கையெழுத்துப் போட்டேன். வாங்கியவர் இடித்தார். தேக்கு உத்தரம், தூண், ஊஞ்சல் பலகை எல்லாம் விறகு விலைக்குப் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டோம். கழற்றலாம், மறுபடி கோக்கலாம் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. நம் சொந்தமில்லாத யாரோ அப்படி ஒரு வீட்டைத் தூக்கி வந்து எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்க, நான் வாடகை கொடுத்து அதில் படுத்திருந்தேன்.

மாமிக்குப் பதில்: வாடகை ஜாஸ்திதான். முழங்கால் வலி உள்ளவர்கள் நிலைப்படி உயரத்தை விசாரித்துவிட்டுப் பெயர் கொடுங்கள். கிராமத்தில் பூட்டிய அகம் வைத்துக்கொண்டு விலை பேசிக்கொண்டிருப்பவர் யாராவது இங்கே இருந்தால், காபி சாப்பிடும்போது என்னை வந்து பாருங்கள்.