வகுப்பறை ஒழுக்கமும் எண்வகை உவமையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வகுப்பில் நன்னடத்தை இன்னது, தீநடத்தை இன்னது என்று மாணாக்கர் தாமே கண்டறியப் பழக்குவது எங்ஙனம் என்பது பற்றிச் சில கூறும்படி காரியதரிசியவர்கள் பணித்தார்கள். "ஒழுங்காயிரு" என்று நாடோறும் சொல்லுகின்றோம். ஒழுங்கு யாதென வினவின் பிள்ளைகள் விடையறியார். வாய்மூடியிருத்தலே ஒழுங்கென்றெண்ணிக் கண்விழித்தபடியே உறங்குவோர் பலரை யான் கண்டிருக்கின்றேன்.

13-ஆம் நூற்றாண்டளவில் சீயகங்கன் வேண்டப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுத்து எட்டுப் பொருள்களை உவமை காட்டுகின்றது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், வயிறார மேய்ந்து ஓரிடத்திருந்து அசைபோடும் ஆவும் தலையாயவர்க்கு உவமை. உழுவோன் முயற்சியளவே விளையும் மண்ணும், கற்பித்ததையே சொல்லும் கிளியும் இடையாயவர்க்கு. ஓட்டையாகிய இல்லிக்குடமும், செடிதோறும் நுனிகடித்துத் திரியும் ஆடும், குளத்தைக் கலக்கிப் பருகும் எருமையும், நெய்யை ஒழுகவிட்டுக் கசடை வைத்துக்கொள்ளும் நெய்யரியும் கடையாயவர்க்கு. (நெய்யரியைத் தேநீர் வடிகட்டியென்றால் இக்காலப் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும்.)

இதனை ஆறாம் வகுப்பில் முதன்முதல் விளக்கிய அன்று யான் ஒரு பெரும்பிழை செய்தேன். "நம் வகுப்பில் எருமை யார்?" என வேடிக்கையாக வினவினேன். முப்பது விரல்கள் ஒரு சிறுவனை நோக்கி நீண்டன. எல்லோரும் நகைத்தனர், யானும் நகைத்தேன். மறுநாள் முதல் அவன் வரவில்லை. நான்காம் நாள் அவனில்லம் சென்றேன். திண்ணையிலிருந்தவன் எழுந்து நின்று, "ஐயா, நாளைக்கும் நான் எருமைதானா?" என்று கேட்டான். யான் விடையின்றி நின்றேன்.

2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் அடித்தலை மட்டுமன்று, உள்ளத்தை வருத்துதலையும் விலக்கியிருக்கின்றது. கோலெடாத யான் நகைப்பினாலேயே அதனைச் செய்துவிட்டேன்.

நன்னூல் மாணாக்கரையே வகுத்ததென்பது மெய். ஆயினும் எருமையின் குற்றம் அதன் பிறப்பிலில்லை, கலக்குதலிலன்றோ இருக்கின்றது! ஆதலின் அன்றுமுதல் ஆளை விடுத்துச் செயலையே ஆராயலானோம். பிறன் விடை கூறுங்கால் இடையிற் கூவுதல் எது? கலக்குதல் என்றனர். ஐயமெழுந்து கையுயர்த்தி வினாவுதல் எது? அதனையும் கலக்குதலென்றே பாதிப்பேர் கூறினர்! வினாவுதலையும் விடைகூறுதலையும் கற்கும் முறைகளாகவே நன்னூல் எண்ணுகின்றது. அதனைத் தீநடத்தையெனப் பிள்ளைகள் கருதுமாறு செய்தவர் நாமேயன்றி வேறு யாவர்? அன்றைய பாடமுழுதும் இவ்வொன்றிலேயே கழிந்தது. கழிந்ததற்கு யான் வருந்தவில்லை.

இப்பொழுது மாலைதோறும் ஒவ்வொருவனும் அன்று தான் எவ்வெவ்வாறு இருந்தான் என்பதைத் தன் குறிப்பேட்டில் எழுதுகின்றான். பிறர் அதனைக் காணலாகாது, யானும் கேட்பதில்லை. தாய்மார்களே, நீங்களும் அவ்வேட்டைப் பிரித்துப் பாராதீர்கள். "எருமை" என வைதலையும் சில நாள் நிறுத்தி வையுங்கள்.

அச்சிறுவன் திரும்பி வந்தான். இரண்டு வாரஞ் சென்றபின் தானாகவே ஏட்டைக் கொணர்ந்து என்முன் விரித்தான். "காலையில் ஆ. பிற்பகல் ஆடு. எருமை இன்று வரவில்லை" என்றிருந்தது.