பஃபே மேசைக்கு ஏற்றது சந்தகை

மேட்டுப்பாளையத்தில் கல்யாண வீடுகளுக்குச் சந்தகை பிழிந்து கொடுப்பது என் தொழில். மகள் குடும்பம் அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்து எடிசன் ஊரில் இருக்கிறது. அவர்களோடு போய்த் தங்கியிருந்த காலத்தில் சனி, ஞாயிறு காலை என்றால் எனக்குக் கொண்டாட்டம். ஓக் ட்ரீ ரோடு பக்கம் நம்ம ஊர் ஓட்டல்களில் காலை டிபனை பஃபேயாக வைப்பார்கள். தட்டை எடுத்துக்கொண்டு நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வெளியே பனி கொட்டிக் கிடக்கும். வீட்டில் இட்லி மாவு இரண்டு நாளானாலும் பொங்காது. ஓவன் அடுப்புக்குள் விளக்கைப் போட்டு வைத்துப் பார்ப்பாள் மகள். அப்படிப்பட்ட ஊரில் கதவைத் திறந்ததும் சாம்பார் வாசம் வந்தால் எப்படி இருக்கும்! நான் முதலில் வெண்பொங்கல்தான் எடுப்பேன். வடையை எடுத்த கையோடு சாம்பாரில் போட்டுவிடுவேன். தட்டிலேயே காயவிட்டால் அந்த வடை வீண். பக்கத்து மேசையில் தெலுங்குப் பேச்சு, அந்தப் பக்கம் குஜராத்தி, எல்லோர் தட்டிலும் இட்லி. எனக்கு அதைப் பார்க்கவே நிறைவாக இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கோமள விலாஸ் 1947-இல் தொடங்கியது. சரவண பவன் 2000-இல் துபாய்க்குப் போனது. இப்படிக் கடல் தாண்டிய நம் ஓட்டல்களில் கேட்டதும் தோசை சுட்டுத் தருவார்கள். பஃபேயில் அப்படியில்லை, செய்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அடியில் வெந்நீர், மேலே மூடி. மூடியில் படியும் ஆவி சொட்டி இட்லி பிசுபிசுக்கும். பூரி அமுங்கிவிடும். பொங்கல் இறுகிவிடும். நம் டிபனில் பாதி, அடுப்பிலிருந்து நேராக இலைக்கு வர வேண்டியவை. அவற்றைத் தட்டில் அடைத்து வைத்தால் என்ன ஆகும்?

காத்திருக்கத் தெரிந்த பலகாரம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் சந்தகை. ஆனால் நான் போன எந்த பஃபேயிலும் அதைக் காணோம்!

சந்தகை மாவுக்கு உளுந்து வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். புழுங்கலரிசியை ஊறவைத்து, உப்புப் போட்டு நைசாக ஆட்டினால் முடிந்தது. எடிசன் குளிர் அதை ஒன்றும் செய்யாது. இட்லியாக ஊற்றி வேகவைத்து, சுடச்சுட அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். இடியாப்பத்தைப் பிழிந்து வேகவைக்கிறோம். இதை வேகவைத்துப் பிழிகிறோம். இட்லி ஆறிவிட்டால் இறுகிப்போகும், எத்தனை பலம் கொடுத்தாலும் அச்சில் இறங்காது. பிழிந்த பிறகோ, ஆறட்டும் என்று விட்டுவிட வேண்டும். ஆற ஆறத்தான் இழை உறுதியாகும். சூட்டோடு தாளித்தால் குழைந்து கட்டியாகிவிடும். சூடாகப் பிழி, ஆறவிட்டுத் தாளி. மறுபடியும் சொல்கிறேன்: சூடாகப் பிழி, ஆறவிட்டுத் தாளி.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது சிறுமுகையிலிருந்த என் அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா. அவரைப்போலச் சந்தகை பிழிந்தவரை இன்றுவரை நான் பார்க்கவில்லை. அப்புச்சி கைப்பிடியைத் திருக, அம்மிச்சி கீழே வாழையிலையைச் சுற்றிக்கொண்டே இருப்பார். இழை ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பரந்து விழும். இலை நின்றால், “கண்ணு, கை நிக்குது பாரு” என்று என்னை அதட்டுவார். அந்த இலை சுற்றுவதில்தான் வித்தை இருக்கிறது. முதல் ஈடு தேங்காய்ப்பாலுக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் போகும். மீதி ஆறியதும் தேங்காய், எலுமிச்சை, தக்காளி என்று பிரியும். தாளிக்கக் காரமடைக் கருவேப்பிலை, அதுவும் கைநிறைய.

இப்போது பாக்கெட்டில் காய்ந்த சேவை வருகிறது. வெந்நீரில் போட்டு எடுத்துச் சந்தகை என்று பரிமாறுகிறார்கள். அதில் அரிசி வாசமே இல்லை. கல்யாணப் பந்தியில்கூட அதை வைக்கிறார்கள், எனக்கு மனசு ஆறவில்லை.

எடிசனில் ஒரு சனிக்கிழமை, ஓர் ஓட்டல் மாஸ்டரிடம் கேட்டுவிட்டேன். சேலத்துக்காரர். “அக்கா, பிழிய ஆளில்லையே” என்றார். அடுத்த வாரம் என் அச்சோடு அவர் அடுப்படிக்குப் போனேன். அவர் அழுத்தினார், நான் இலை சுற்றினேன். எலுமிச்சைச் சந்தகையை வெந்நீர்த் தட்டில் வைக்க விடவில்லை; சும்மா ஒரு பரந்த தாம்பாளத்தில் வைத்தோம். கடைசியாக வந்தவருக்கும் இழை உதிரியாகவே கிடைத்தது. கோயமுத்தூர்ப் பையன் ஒருவன் மூன்றாம் முறை தட்டோடு வந்து நின்றான்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அச்சு வாங்கி அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தகடு கனமாக இருக்கட்டும், மெல்லிய தகடு அழுத்தும்போது வளையும். துளை முறுக்குக்குப் போடுவதைவிடச் சின்னதாக இருக்கட்டும். ஒவ்வொரு ஈட்டுக்கும் உள்ளே நல்லெண்ணெய் தடவச் சொல்லுங்கள். அழுத்த ஒருவர், இலை சுற்ற ஒருவர் என்று இரண்டு பேராக நிற்கச் சொல்லுங்கள்.