சாக்லேட் முறுக்கு: கைப்பக்குவமும் கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், உணவுப் பொருள் தயாரிக்கும் குழுக்களுக்கான அமர்வில் பேசியது)



போன தீபாவளி நோம்பிக்கு நடந்த விற்பனைக் கண்காட்சியில எங்க குழு சாக்லேட் முறுக்கு வச்சிருந்தோம். பார்த்தவங்க பாதிப் பேர் சிரிச்சாங்க. "முறுக்குக்கு எதுக்குங்க சாக்லேட்டு?" ன்னு கேட்டாங்க. சாப்பிட்டுப் பார்த்த பிறகு, "இது எப்படிங்க செய்யறது?" ன்னு கேட்டாங்க. அதைச் சொல்லத்தான் தலைவி அக்கா என்னை இங்க நிறுத்தியிருக்காங்க. செய்முறையும் சொல்றேன், கணக்கும் சொல்றேன். செய்முறையை விடக் கணக்குத்தான் முக்கியம்னு எனக்குத் தோணுது. அதனால கடைசி வரைக்கும் இருந்து கேளுங்க.

முதல்ல, உப்பும் இனிப்பும் சேருமான்னு ஒரு சந்தேகம். இது நமக்குப் புதுசே இல்லீங்க. பாயசத்துல ஒரு சிட்டிகை உப்புப் போடறோம். புளிக்குழம்புல துளி வெல்லம் போடறோம். கொஞ்சம் உப்பு இருந்தா இனிப்பு எடுத்துக் காட்டும், கசப்பு அடங்கும். சாக்லேட்டுல கசப்பும் உண்டு, இனிப்பும் உண்டு. கூடவே மொறுமொறுன்னு உப்பு முறுக்கு வந்தா நாக்கு இன்னொண்ணு கேட்கும்.

இதுல சாக்லேட்டைப் பத்தி ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். நம்ம பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குள்ள ஊடுபயிரா கொக்கோ இருக்கறது உங்களுக்குத் தெரியும். காய் உடைக்கற வேலைக்கு உங்கள்ல சிலர் போயிருப்பீங்க. அந்தக் கொட்டையைப் பல நாள் புளிக்க வச்சு, காயவச்சு, வறுத்து, அரைச்சுத்தான் சாக்லேட் வருது. அதுல இருக்கற கொழுப்புக்குக் கொக்கோ வெண்ணெய்னு பேரு. அந்த அசல் சாக்லேட்டை உருக்கினா, 27, 28 டிகிரி வரைக்கும் ஆறவிட்டு, திரும்ப 31, 32 டிகிரிக்குச் சூடு பண்ணணும். இந்தப் பக்குவத்துக்கு டெம்பரிங்னு சொல்றாங்க. அது தப்பினா பளபளப்பு வராது, வெள்ளை பூத்துக்கும், கையில எடுத்தாலே ஒட்டும்.

நாம வீட்டுல செய்யறதுக்குக் காம்பவுண்ட் சாக்லேட் போதும். பேக்கரிப் பொருள் விக்கற கடையில கட்டியா கிடைக்கும். கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலா வேற தாவரக் கொழுப்புச் சேர்த்திருப்பாங்க. உருக்கி முக்கினா அதுவாவே இறுகிக்கும், டெம்பரிங் வேண்டாம். விலையும் குறைவு. ஆனா காம்பவுண்ட் வாங்கிச் செஞ்சுட்டு "அசல் சாக்லேட்" ன்னு சொல்லி விக்கக் கூடாது. அந்தக் கட்டியோட அட்டையில என்ன போட்டிருக்கோ, அதையே நம்ம லேபிள்லயும் போடணும்.

இப்ப முறுக்கு. நாங்க தேன்குழல்தான் போடறோம். பச்சரிசி மாவு 1 கிலோ, வறுத்து அரைச்ச உளுந்து மாவு 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், உப்பு, கொஞ்சம் வெள்ளை எள். மிளகாய், ஓமம், பூண்டு, பெருங்காயம் எதுவும் வேண்டாம். அந்த வாசமெல்லாம் சாக்லேட்டோட சண்டை போடும். உப்பு மட்டும் வழக்கத்தை விட ஒரு சிட்டிகை தூக்கலா இருக்கட்டும். சின்னச் சின்னதாப் பிழியுங்க, ரெண்டு வாயில சாப்பிடற அளவு. பெருசாப் பிழிஞ்சா முக்கும்போது உடையும்.

எண்ணெயில சலசலப்பு அடங்கற வரைக்கும் வேகணும். சலசலப்பு இருக்குன்னா உள்ள ஈரம் இருக்குன்னு அர்த்தம். எடுத்ததும் ஜல்லிக்கரண்டியில வடிச்சு, தாள்ல பரப்பி எண்ணெயை ஒத்தி எடுங்க. மேல எண்ணெய் மினுமினுத்தா சாக்லேட் பிடிக்காது, வழுக்கிட்டு வந்துடும். நல்லா ஆறின பிறகு டப்பாவுல போட்டு இறுக்கி மூடி வச்சுடுங்க. நாங்க சாயங்காலம் சுட்டு, அடுத்த நாள் காலையிலதான் முக்கறோம். சூடு துளி இருந்தாலும் சாக்லேட் வழிஞ்சு ஓடிடும்.

எண்ணெயைப் பத்தியும் சொல்லிடறேன். ஏற்கனவே பலகாரம் சுட்டு மிச்சமிருக்கற எண்ணெயை இதுக்கு எடுக்காதீங்க. மேல சாக்லேட் இருக்கு, யாருக்குத் தெரியப் போகுதுன்னு நினைக்கலாம். பத்து நாள் கழிச்சுப் பாக்கெட்டைப் பிரிச்சா சிக்கு வாடை முதல்ல வரும். சாக்லேட்டு அதை மறைக்காது.

அடுத்தது உருக்கறது. கட்டியைச் சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கிக்கங்க. ஒரு பாத்திரத்துல ரெண்டு விரல் உயரம் தண்ணி வச்சு ஆவி வந்ததும் அடுப்பை அணைச்சுடுங்க. அது மேல இன்னொரு பாத்திரம் வச்சு அதுல சாக்லேட்டைப் போடுங்க. மேல் பாத்திரத்தோட அடி தண்ணியில படக் கூடாது. மெதுவாக் கிளறினா தானா உருகும். 45 டிகிரி போதும். தெர்மாமீட்டர் இல்லேன்னா, மணிக்கட்டோட உள்பக்கம் ஒரு சொட்டு வச்சுப் பாருங்க. இதமா இருக்கணும், சுடக் கூடாது. நேரா அடுப்பு மேல வச்சா அடி பிடிச்சுக் காந்தல் வாடை வரும்.

இதுல நமக்கு எதிரி தண்ணிதாங்க. கரண்டியில ஒரு சொட்டு ஈரம், ஆவியில வந்த ஒரு சொட்டு வேர்வை, அவ்வளவுதான் வேணும். சாக்லேட்டுல இருக்கற சர்க்கரை அந்தத் தண்ணியைப் பிடிச்சுக்கிட்டு மொத்தமும் மண்ணு மாதிரி திரிஞ்சு இறுகிடும். அப்புறம் எதையும் முக்க முடியாது. தூக்கிப் போட வேண்டாம், சூடான பால்ல கரைச்சுப் பிள்ளைங்களுக்குக் கொடுத்துடலாம். ஆனா விக்கறதுக்கு ஆகாது. பாத்திரம், கரண்டி, கை, தாள் எல்லாம் காஞ்சு இருக்கணும். மழை நாள்ல முக்கற வேலையை வச்சுக்காதீங்க.

முறுக்கைப் பாதி வரைக்கும் முக்கி, கிண்ணத்தோட விளிம்புல லேசாத் தட்டி, பட்டர் பேப்பர்ல வைங்க. பாதிதான், முழுசா வேண்டாம். ஏன்னா மிச்சப் பாதியில முறுக்கு கண்ணுக்குத் தெரியணும், சாக்லேட் செலவும் பாதியாகும். மார்கழி, தை குளிருக்கு வெளியில வச்சாலே இறுகிடும். மத்த நாள்ல ஃப்ரிட்ஜ்ல பத்து நிமிஷம் வைக்கலாம், ஃப்ரீசர் வேண்டாம். ரொம்பக் குளிர்ந்ததை வெளியில எடுத்தா மேல நீர் முத்து முத்தாக் கோத்துக்கும். அது காய்ஞ்சா வெள்ளைத் திட்டு விழும், முறுக்கும் நமத்துப் போகும்.

அடுப்புல நிக்க நேரமில்லாதவங்க உப்புக்கடலையில செய்யலாம். நிலக்கடலையில சூம்பினது, பூஞ்சை பிடிச்சது, கறுத்தது எல்லாம் பொறுக்கிடணும். பூஞ்சைக் கடலை உடம்புக்கு விஷம். உப்புத்தண்ணி தெளிச்சு வறுக்கறவங்க, ஈரம் முழுசா வத்தற வரைக்கும் வறுக்கணும். ஆறின கடலையை உருக்கின சாக்லேட்டுல கொட்டிக் கிளறி, கரண்டி கரண்டியா வச்சா முடிஞ்சது வேலை.

இப்பக் கணக்குக்கு வர்றேன். பேனா வச்சிருக்கறவங்க எழுதிக்கங்க. இது எங்க ஊர் விலை. உங்க ஊர்ல மாறும், போடற முறை மாறாது. நான் சொன்ன அளவுல முறுக்கு ஒண்ணரைக் கிலோ வரும். அதுக்குச் சாக்லேட் 1 கிலோ பிடிக்கும். மொத்தம் இரண்டரைக் கிலோ.

அரிசி மாவு – 60 ரூபாய்
உளுந்து மாவு – 30 ரூபாய்
வெண்ணெய் – 60 ரூபாய்
எண்ணெய் (குடிச்சது மட்டும்) – 60 ரூபாய்
உப்பு, எள் – 10 ரூபாய்
காம்பவுண்ட் சாக்லேட் – 300 ரூபாய்
கேஸ் – 50 ரூபாய்
கவர், லேபிள் – 100 ரூபாய்
மொத்தம் – 670 ரூபாய்

நூறு கிராம் பாக்கெட் 25 வரணும். உடைஞ்சது, பிள்ளைங்க கையில போனது கழிச்சு 23 தான் வரும். பாக்கெட்டுக்கு 29 ரூபாய்க்கு மேல வருது.

இங்கதான் நம்மள்ல நிறையப் பேர் நிறுத்திடறோம். "29 ஆகுது, 40 க்கு விக்கறேன், 11 ரூபாய் லாபம்" னு சொல்றோம். அந்த 40 ரூபாய்ப் பாக்கெட்டைக் கடையில வச்சா, கடைக்காரருக்குப் பாக்கெட்டுக்கு 10 ரூபாய். நம்ம கைக்கு வர்றது 30. 23 பாக்கெட்டுக்கு 690. செலவு 670 போக மிச்சம் 20 ரூபாய். ரெண்டு பேர் ஆளுக்கு நாலு மணி நேரம் நின்னிருக்கோம். எட்டு மணி நேர உழைப்புக்கு 20 ரூபாய்! காட்டு வேலைக்குக் கூப்பிட்டு ஒருத்தர் இந்தக் கூலி கொடுத்தா நாம சும்மா இருப்போமாங்க? நம்ம வீட்டு அடுப்புங்கறதால நாமளே நமக்கு அந்தக் கூலியைக் கொடுத்துக்கறோம்.

கூலியையும் சேர்த்துப் பாருங்க. ஒரு மணிக்கு 50 ரூபாய்னு வச்சா எட்டு மணிக்கு 400. மொத்தச் செலவு 1,070. அதனால நாங்க 60 ரூபாய்னு விலை போட்டோம். கடைக்கு 10 போக 50. 23 பாக்கெட்டுக்கு 1,150. சாமானுக்கு 670, எங்க ரெண்டு பேர் கூலிக்கு 400, குழுவுக்கு 80 ரூபாய். கண்காட்சியில நாங்களே நேரா வித்தா அந்தக் கடைப் பங்கு 230 ரூபாயும் குழுவுக்கு. கடன் வாங்கித் தொழில் பண்றோம். தவணை கட்டறது இந்த 80 லயும் 230 லயும் இருந்துதான் வரணும். கூலியில கை வைக்கக் கூடாது.

"60 ரூபாய்க்கு யாருங்க வாங்குவா?" ன்னு கேட்பீங்க. ஒண்ணு யோசிங்க. சாக்லேட்டை யாரும் கடையில வாங்கி உருக்கிக்கலாம். உள்ள இருக்கற தேன்குழல் பதமா வர்றது நம்ம கைப்பக்குவம். மாவைத் தொட்டதும் தண்ணி போதுமா போதாதான்னு சொல்ற விரல் நமக்கு இருக்கு. அம்மாகிட்டயும் மாமியார்கிட்டயும் வருஷக்கணக்காப் பார்த்துப் பழகினது. விலை அதுக்கும் சேர்த்துத்தான். அதைக் கணக்குல எழுதலேன்னா வேற யாரும் எழுத மாட்டாங்க.

விலை வாங்கணும்னா பொருளும் சட்டப்படி இருக்கணும். உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு செய்யணும். 2011 ஆம் வருஷ விதியில, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருந்த சின்னத் தொழிலுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டணம்னு வச்சிருந்தாங்க. இ-சேவை மையத்துல உதவி கேட்கலாம். வர்ற 14 இலக்க எண்ணை லேபிள்ல போடணும். கூடவே பொருளோட பேர், சேர்மானம் (எது அதிகமோ அது முதல்ல), எடை, விலை, தயாரிச்ச தேதி, எந்தத் தேதிக்குள்ள சாப்பிடணும், தொகுதி எண், நம்ம முகவரி, சைவத்துக்கான பச்சைக் கட்டமும் வட்டமும். தமிழ்ல மட்டும் போட்டாப் பத்தாது, ஆங்கிலத்துலயோ இந்தியிலயோ கட்டாயம் இருக்கணும். பால், சோயா, கடலை சேர்ந்திருந்தா அதைத் தனியாப் போடணும். சில பேருக்கு ஒத்துக்காது.

நாங்க 21 நாள்னு தேதி போடறோம். ஒவ்வொரு தடவையும் ஒரு பாக்கெட்டை விக்காம எடுத்து வச்சு, 30 நாள் கழிச்சுப் பிரிச்சுப் பார்க்கறோம். ஏதாவது குறை வந்தா எந்தத் தேதிச் சரக்குன்னு நமக்கே தெரியும்.

இன்னும் ரெண்டு விஷயம் மறைக்காமச் சொல்லணும். ஒண்ணு, இது பன்னெண்டு மாசத் தொழில் இல்ல. சித்திரை, வைகாசி வெயில்ல பஸ்ல கொண்டு போறதுக்குள்ள பாக்கெட்டே சேறாயிடும். தீபாவளியில தொடங்கி மாசி வரைக்கும்தான் இதுக்குக் காலம். வெயில் காலத்துக்கு வத்தல், வடகம், அப்பளம்னு நமக்கு வேற வேலை இருக்கு. அதனால இதை நம்பிப் பெருசாக் கடன் வாங்கி மிஷின் வாங்க வேண்டாம். ஒரு சீலிங் மிஷினும் ஒரு டிஜிட்டல் தராசும் போதும்.

ரெண்டாவது, இதுல எண்ணெயும் இருக்கு, சர்க்கரையும் இருக்கு, உப்பும் இருக்கு. நோம்பி நொடிக்குத் திங்கற பண்டம். சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு இருக்கறவங்க வாங்கினா நாமளே சொல்லிடணும். பிள்ளைங்களுக்குத் தினமும் கொடுக்கச் சொல்லி விக்கக் கூடாது.

அக்கா தங்கச்சிகளே, அடுத்த மாசக் குழுக் கூட்டத்துல ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. சாக்லேட் முறுக்குதான்னு இல்ல, ஊறுகாயோ மசாலாப் பொடியோ, நீங்க என்ன செஞ்சாலும் சரி. செலவு நோட்டுல "கூலி" ன்னு ஒரு வரி புதுசாப் போடுங்க. அதுக்கு நேரா எத்தனை மணி நேரம், எவ்வளவு ரூபாய்னு எழுதுங்க. விலையை அதுக்கப்புறம் போடுங்க. முக்கறது யாருக்காவது சரியா வரலேன்னா எங்க குழுவுக்குச் சொல்லி அனுப்புங்க, வந்து கூட நின்னு செஞ்சு காட்டறோம்.