தாலுகா கமிட்டி என்ன வேலை செய்கிறது?

(கீழத் தஞ்சைப் பகுதியில் நடந்த ஒரு தாலுகா ஊழியர் கூட்டத்தில், கமிட்டியின் சார்பில் நிகழ்த்திய உரை)



வேலை அறிக்கையை வாசித்து முடிக்க ஒன்றரை மணி நேரமாயிற்று. எத்தனை ஆர்ப்பாட்டம், எத்தனை தெருமுனைக் கூட்டம், எத்தனை சுவரொட்டி, எவ்வளவு நிதி வசூல், எல்லாம் கணக்காகத்தான் இருந்தது. வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தோழர் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நம்ம கிளைகள்ல எத்தனை கிளை போன மாசம் கூடுச்சு?" கமிட்டித் தோழர்களாகிய நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அறிக்கையில் அந்தக் கணக்கு இல்லை. எழுதும்போது அது எங்களுக்குத் தோன்றவும் இல்லை. அந்தத் தோழருக்குப் பதில் சொல்வதற்காகவே இப்போது எழுந்திருக்கிறோம்.

இந்த மண்ணில் ஸ்தல கமிட்டி என்பது எப்படிப் பிறந்தது? 1943-ல் தோழர் பி. சீனிவாசராவ் கட்சியின் கட்டளைப்படி தஞ்சைக்கு வந்தார். கர்நாடகத்திலிருந்து வந்தவர். தமிழ் பேசுவதே அவருக்குச் சிரமம். அவர் வந்தபோது பண்ணையாளின் நிலை என்ன? பொழுது விடியுமுன் வயலில் நிற்க வேண்டும். தவறினால் சவுக்கடி, மீறினால் சாணிப்பால். மிராசுதாரின் மனைக்கட்டில்தான் குடிசை. எதிர்த்துப் பேசினால் அன்று மாலையே குடிசை போகும். இப்படிப்பட்ட ஜனங்களிடையே பகலில் கூட்டம் போட முடியுமா? இருட்டிய பிறகுதான் சேரிக்குள் போக வேண்டும். அவர்கள் குடிசையிலேயே உட்கார்ந்து, அவர்கள் ஊற்றிய கஞ்சியைக் குடித்து, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். தென்பரையிலும் களப்பாளிலும் சங்கம் அப்படித்தான் எழுந்தது. மேடையும் ஒலிபெருக்கியும் பிறகு வந்தவை.

1944-ல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று மிராசுதார்கள் ஒப்புக்கொண்டார்கள். சரித்திரம் எழுதுகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். நாம் அதற்கு மேலே கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்தான மறுநாள் காலையில், ஒரு மூலைக் கிராமத்தில் காரியக்காரர் சவுக்கை எடுத்தால் யார் கையைப் பிடிப்பது? மன்னார்குடியில் இருக்கும் தலைவரா? அந்தந்தத் தெருவில் நாலு பேர் சேர்ந்து நின்றால்தான் ஒப்பந்தம் அங்கே உயிரோடு இருக்கும். அந்த நாலு பேர்தான் கிளை. ஒரு தெருவின் நாலு பேருக்கு அடுத்த ஊர் நாலு பேரைத் தெரியும்படி செய்ததுதான் கமிட்டி.

1952-ல் வந்த பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் இதே பாடத்தைத்தான் சொல்லுகிறது. ஆகஸ்டில் ராஜாஜி சர்க்கார் அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. கட்சி தடைசெய்யப்பட்டிருந்தது. களப்பாள் குப்பு சிறையிலேயே மாண்டார். வாட்டாக்குடி இரணியனும் சாம்பவானோடை சிவராமனும் 1950-ல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு 1952 தேர்தலில் தஞ்சை ஜனங்கள் கம்யூனிஸ்டுகளைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் சர்க்காருக்குப் பண்ணையாள் கண்ணில் பட்டார். சட்டம் என்ன சொல்லிற்று? குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளை இஷ்டப்படி வெளியேற்றக் கூடாது. தகராறு வந்தால் சமரச அதிகாரியிடமும், அதற்கு மேல் ரெவின்யூ கோர்ட்டிலும் மனுச் செய்யலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனுவை எழுதுவது யார்? கைநாட்டு வைக்கிற பண்ணையாளிடம், அவர் அந்தப் பண்ணையில் வேலை பார்த்ததற்கு என்ன அத்தாட்சி இருக்கும்? மிராசுதாரின் கணக்குப்பிள்ளை எழுதிய நோட்டுத்தான் உண்டு. அதில் இவர் பெயர் இருக்காது. பண்ணையாள் என்றால்தானே பாதுகாப்பு என்று, பலரை அன்றாடக் கூலியாக மாற்றிவிட்ட மிராசுதார்களும் உண்டு. ஒவ்வொரு மனுவுக்கும் சாட்சி தேடி, தாலுகா ஆபீசுக்கு அழைத்துப்போய், வாய்தாவுக்கு வாய்தா கூட நிற்க ஒரு ஆள் வேண்டும். ஆளில்லாத ஊரில் சட்டம் காகிதமாகவே இருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீயில் போயின. கூலியாகக் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டதும், சிவப்புக் கொடியை இறக்க மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். ஆண்டுதோறும் அங்கே போய் வணங்கி வருகிறோம். அந்த நாளை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தத் தெரு ஜனங்கள் எதற்காகக் கொடியை இறக்க மறுத்தார்கள் என்பதை மறந்துகொண்டு வருகிறோமோ என்று எங்களுக்குச் சந்தேகமாயிருக்கிறது.

இனி நம் தாலுகாவுக்கு வருவோம்.

நிலைமை மாறிவிட்டது, பழைய மாதிரி வேலை செய்ய முடியாது என்று சில தோழர்கள் சொல்லுகிறார்கள். மாறித்தான் இருக்கிறது. அறுவடைக்கு மெஷின் வந்துவிட்டது. அறுப்பும் களத்தடியும் இருந்த காலத்தில் நூறு பேரை ஓரிடத்தில் பார்க்கலாம். இன்று அந்தக் களம் இல்லை. பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். பெண்கள் வாரக் கடன் தவணைக்கு ஓடுகிறார்கள். கொள்முதல் நிலையத்து வாசலில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு சிறு விவசாயி மழையைப் பார்த்து நிற்கிறார். அதே வாசலில் சுமை தூக்குகிற தொழிலாளி கூலி பாக்கிக்கு நிற்கிறார். இத்தனையும் உண்மை. ஆனால் இதெல்லாம் கிளை கூடாமலிருக்கக் காரணமா, கூட வேண்டியதற்குக் காரணமா?

எங்கள் தவறு ஒன்றைச் சொல்லுகிறோம். சென்ற சம்பா அறுவடையின்போது ஒரு கிராமத்தில் தவணை கட்டாத நாலு வீட்டு வாசலில் வசூல்காரர்கள் இருட்டும்வரை உட்கார்ந்துகொண்டார்கள். அந்தப் பெண்கள் நம் கிளைச் செயலாளர் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர் இல்லை. எங்கே போயிருந்தார்? நாங்கள் சொன்ன ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் திரட்டப் போயிருந்தார். விஷயம் கமிட்டிக்கு வந்து சேர ஒரு மாதமாயிற்று. பிறகு நாங்கள் போனபோது, அந்த அம்மாள் கேட்டார்: "ஊர்வலத்துக்கு வேன் விடுறீங்க. எங்க தெருவுக்கு வர ஒரு சைக்கிள் இல்லையா தோழர்?" கிளைச் செயலாளர் தலைகுனிந்து நின்றார். தலைகுனிய வேண்டியவர்கள் நாங்கள். ஒரே சமயத்தில் அவருக்குப் பதினோரு வேலை கொடுத்து, பதினொன்றுக்கும் கணக்குக் கேட்டோம். உம் தெருவில் உம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு கிராமத்தில் நமக்கு இரண்டு கிளைகள் இருந்தன. குடியானத் தெருவுக்கு ஒன்று, காலனித் தெருவுக்கு ஒன்று. உறுப்பினர் தொகை அதிகம், நிர்வாக வசதிக்காகப் பிரித்தோம் என்று நம் மினிட் நோட்டில் எழுதியிருக்கிறது. தோழர்களே, இரண்டையும் சேர்த்தால் மொத்தம் 19 பேர்! 19 பேரை ஒரு திண்ணையில் உட்கார வைக்க முடியாதா? உண்மை என்னவென்றால், காலனித் தெருவில் உட்கார்ந்து கூட்டம் நடத்தவும் டீ குடிக்கவும் சிலர் கூசினார்கள். அதற்கு நாங்கள் 'நிர்வாக வசதி' என்று பெயர் வைத்தோம். சேரியில் கஞ்சி குடித்து வளர்ந்த கட்சியில் இது நடந்தது. கமிட்டியின் கையெழுத்தோடு நடந்தது.

இரண்டு கிளைகளையும் ஒன்றாக்குவது என்று மூன்று மாதங்களுக்கு முன் முடிவெடுத்தோம். முதல் கூட்டம் காலனித் தெருவில் என்றும் முடிவு. வேகமாகப் போகாதீர்கள், தேர்தலில் பாதிக்கும் என்று சொன்ன தோழரும் நம் கமிட்டியிலேயே இருந்தார். அன்றிரவு 19 பேரில் 12 பேர் வந்தார்கள். வராத ஏழு பேரில் இருவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பழைய ஊழியர்கள், போலீஸ் அடி பட்டவர்கள். அவர்களை இழப்பது எங்களுக்குச் சுலபமாக இல்லை. இப்போதும் போய்ப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் கூட்டத்தின் இடத்தை மாற்றவில்லை. மூன்றாவது கூட்டத்துக்கு, வராதவர்களில் ஒருவர் தாமே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. டீ வந்தபோது எடுத்துக்கொண்டார்.

அந்த ஒன்றுபட்ட கிளைதான் மனைப்பட்டா விஷயத்தை எடுத்திருக்கிறது. 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்தும், அந்தத் தெருவில் இன்னமும் பட்டா இல்லாத வீடுகள் இருக்கின்றன. வீடு வீடாகப் போய்ப் பெயர், எத்தனை தலைமுறை, என்ன ரசீது இருக்கிறது என்று நோட்டில் எழுதி வருகிறார்கள். எழுதுகிறவர் குடியானத் தெரு இளைஞர். சொல்லுகிறவர்கள் காலனித் தெருத் தாய்மார்கள். தாசில்தாரிடம் இன்னும் போகவில்லை. கணக்கு முடிந்த பிறகுதான் போவார்கள். சரியான முறை.

ஆகவே கமிட்டி முடிவுகளைச் சொல்லிவிட்டு உட்காருகிறோம். கமிட்டித் தோழர் ஒவ்வொருவருக்கும் மூன்று கிளைகள் பொறுப்பு. மாதம் ஒருமுறையாவது அந்தக் கூட்டத்தில் போய் உட்கார வேண்டும்; முதலில் பேசக் கூடாது, கேட்க வேண்டும். தாலுகா கமிட்டிக் கூட்டத்தில் முதல் அயிட்டம் இனி மேல்கமிட்டிச் சுற்றறிக்கை அல்ல, கிளைகளிலிருந்து வந்த விஷயங்கள். சுற்றறிக்கை இரண்டாவது. சந்தாக் கணக்கும் பத்திரிகைப் பணமும் பத்தாம் தேதிக்குள் வந்தாக வேண்டும். இதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை, பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பெண் தோழர்கள் வர முடியாத நேரத்தில் கிளைக் கூட்டம் வைக்கக் கூடாது.

கேள்வி கேட்ட தோழருக்குப் பதில்: சாப்பாட்டு இடைவேளையில் எண்ணிப் பார்த்தோம். 31 கிளைகளில் போன மாதம் கூடியவை ஒன்பது. அடுத்த ஊழியர் கூட்டத்தில் இந்தக் கணக்கை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே வாசிப்போம்.